மடியில் இருந்த குமிழ்

பழைய படைக் கோப்புகளில் ஆட்களைத் தேடும் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இது தூசி தட்டும் வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒருவர் வந்து, "என் கொள்ளுத்தாத்தா ஜேர்மன் பேரரசரின் படையில் அதிகாரியாக இருந்தாராம். எங்கே இருந்தார், எப்படி உயர்ந்தார், ஏன் விலகினார் என்று தேடித் தாருங்கள்" என்று கேட்பார். ஆஸ்திரியப் பேரரசரின் படை என்றால் வியன்னாவுக்கு எழுதுவோம். பிரஷ்யப் படை என்றால் தலையில் கைவைப்போம், அவர்களுடைய கோப்புகளில் பெரும்பகுதி இரண்டாம் உலக யுத்தத்தில் எரிந்துபோய்விட்டது. வூர்ட்டம்பெர்க் படை என்றால் அப்பாடா என்று இருக்கும், எல்லாம் இங்கே ஸ்டுட்கார்ட்டிலேயே கிடைக்கும். இதெல்லாம் உங்களுக்குக் கொஞ்ச நாளில் தானாகவே பிடிபடும். அதைச் சொல்லித்தர நான் தேவையில்லை.

நான் சொல்ல வந்தது பயத்தைப் பற்றி. யாழ்ப்பாணத்திலிருந்து பயந்து ஓடிவந்தவன் நான். இனி எனக்கென்ன பயம், என் பிழைப்பு எப்போதோ செத்துப்போன அதிகாரிகளோடுதானே என்று நிம்மதியாக இருந்தேன். ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் (இப்போது உங்களைப் பழக்கத்தான் வந்துபோகிறேன்), ஒரு காலைப் பொழுதில், அந்த நிம்மதி போய்ச் சேர்ந்தது.

அப்போது எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வாடிக்கையாளர் வீட்டில் தாத்தாவின் சாமான் ஏதாவது இருந்தால், வாளோ தலைக்கவசமோ தண்ணீர்க் குவளையோ எதுவானாலும், நாங்கள் வருவதற்கு முன் அதை நன்றாகத் துடைத்து வைக்கச் சொல்லுவோம். படைச் சாமான்களில் எங்கேயாவது ஒரு முத்திரை குத்தியிருப்பார்கள். எந்தப் படைப்பிரிவு என்று அதிலேயே தெரிந்துவிடும். கோப்புகளில் நாள்கணக்காகத் தேடுவது சில வேளை ஒரு கரண்டியின் பின்புறத்தில் இருக்கும். முத்திரையைக் கண்டால் எங்கள் ஆட்களுக்கு வாயூறும். போன கிழமை நீங்கள் மூவரும் ஒரு பழைய இடுப்புப் பட்டியைச் சுற்றி நின்ற நிலையைப் பார்த்தேன், உங்களுக்கும் ஊறத் தொடங்கிவிட்டது. அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

ஃபிராவ் ஹாஸ்லர் என்ற வாடிக்கையாளர் அம்மா எண்பதைத் தாண்டியவர். ஸ்டுட்கார்ட்டின் மேட்டுப் பக்கத்தில், லிஃப்ட் இல்லாத வீட்டின் மூன்றாம் மாடியில் இருந்தார். நடக்க முடியாது. அவருடைய தாத்தா வூர்ட்டம்பெர்க் காலாட்படையில் லெப்டினன்ட். முதலாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே திடீரென்று வீட்டுக்கு வந்துவிட்டார். படையை விட்டுப் போகும் அதிகாரிக்கு, விசேட நாட்களில் சீருடை அணிந்துகொள்ளலாம் என்று அனுமதி கொடுத்து அனுப்புவது அந்தக் காலத்து மரியாதை. இவருக்கு அது கிடைக்கவில்லை. கல்யாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் சாதாரணக் கோட்டோடு போனார், ஊரே பார்த்தது.

"சின்ன வயதில் ஏன் என்று கேட்டேன். 'பிறகு சொல்கிறோம்' என்றார்கள். வளர்ந்த பிறகும் அதையேதான் சொன்னார்கள். சொல்ல வேண்டிய எல்லோரும் செத்துப்போனார்கள்," என்றார் தொலைபேசியில். "அவர் நல்லவரா கெட்டவரா என்றுகூடத் தெரியாமல் அவருடைய பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறேன்."

கோப்பு கிடைத்தது. தாத்தா புதிய சிப்பாய்களுக்குக் கைக்குண்டு எறியப் பழக்கிய அதிகாரி. ஒருநாள் பயிற்சியில், பின்னால் நின்ற சார்ஜன்ட் போட்ட சத்தத்தில் ஒரு சிப்பாய் வெலவெலத்து, திரி பற்றிய குண்டைக் காலடியில் நழுவவிட்டான். தாத்தா பக்கத்தில் இருந்த பாதுகாப்புப் பள்ளத்துக்குள் பாய்ந்தார். அந்தச் சிப்பாயும் பக்கத்தில் நின்றவனும் செத்தார்கள். அதிகாரிகளின் கௌரவ மன்றம் கூடி, கோழைத்தனம் என்று தீர்ப்பு எழுதி, சீருடை உரிமை இல்லாமல் அவரை வீட்டுக்கு அனுப்பியது. அந்த வகைக் குண்டு எப்படி இருக்கும் என்று ஒரு படமும் கீறி இணைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் அறிக்கையாக எழுதி, கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

இதை ஒரு வயதான மனுஷியிடம் எப்படிச் சொல்லுவது என்று ட்ராமில் போகும்போது முழுக்க அதே யோசனை. அதுதான் அன்றைக்கு எனக்கு இருந்த பயம். எவ்வளவு சின்னப் பயம் என்று பிறகுதான் தெரிந்தது.

கதவைத் திறந்தது ஒரு தமிழ்ப் பெண். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அண்ணை தமிழோ?"

"ஓம் தங்கச்சி."

"கடவுளே, நான் ஆரோ ஜேர்மன்காரன் வாறான் எண்டெல்லோ நினைச்சன்! நான் ரஞ்சினி. இவவைப் பாக்கிறது நான்தான், காலமை வந்து பின்னேரம் போவன். விடியத் தொடங்கி உங்களைத்தான் பாத்துக்கொண்டு இருக்கிறா. உள்ளுக்கு வாங்கோ."

செருப்பைக் கழற்றுவதற்குள் பாதி வரலாறு வந்துவிட்டது. ஊர் முல்லைத்தீவு. பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். வயதானவர்களைப் பராமரிக்கும் வேலை, இந்த வீட்டுக்கு வரத் தொடங்கி இரண்டு வருடம்.

ஃபிராவ் ஹாஸ்லர் ஜன்னலோரம் உயரமான கதிரையில் இருந்தார். விருந்தாளி வருகிறார் என்று தலை வாரி, கழுத்தருகே அலங்கார ஊசி குத்தி, கடுமையான முகத்தோடு இருந்தார். பக்கத்தில் பின்னல் நூல் கூடை. மடியில் ஒரு கறுத்த இரும்பு உருண்டை, சின்ன ஈரப்பலாக்காய் அளவில், அதன் தோலைப் போலவே கட்டம் கட்டமாக.

"முதலில் இதைப் பாருங்கள்," என்றார். "தாத்தாவின் மேசையில் இருந்தது. படைமுகாம் இரும்புக் கதவின் குமிழ் என்று அப்பா சொல்லுவார். வெள்ளிப் பூச்சுப் பூசி, காகிதம் பறக்காமல் இருக்க மேலே வைத்துக்கொள்வோம். நீங்கள் துடைத்து வைக்கச் சொன்னீர்கள், பூச்சையெல்லாம் எடுத்துவிட்டோம்."

அது தன் வேலை என்பதை ரஞ்சினி எனக்குத் தமிழில் அறிவித்தார். "நேற்று முழுக்க வினாகிரியில ஊறவிட்டு, கம்பிப் பிரஷ் போட்டு உரஞ்சினனான் அண்ணை. லேசில போகேல்லை."

நான் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு முழந்தாளிட்டேன். உச்சியில் ஒரு பித்தளை மூடி, அதைச் சுற்றி ஏதோ எழுத்து. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் தெரியவில்லை. "கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கள்," என்றேன். திருப்பினார். "இன்னும் கொஞ்சம்." திருப்பினார். இடுக்கில் அழுக்கு நிற்கிறது என்று அவராகவே கதிரையின் கைப்பிடியில் இரண்டு தட்டுத் தட்டினார். "ஆ, இப்போது தெரிகிறது," என்றேன் நான். பல்லைக் காட்டிக்கொண்டு சொன்னேன்.

தெரிந்தது படைப்பிரிவின் முத்திரை இல்லை. மூடியின் நடுவில் ஒரு முறுக்குக் கம்பியின் முறிந்த நுனி நீட்டிக்கொண்டிருந்தது. கோப்பில் கீறியிருந்த படத்தில் அதே இடத்தில் அதே கம்பியைப் பார்த்திருந்தேன். உருண்டை, கட்டங்கள், பித்தளை மூடி, கம்பி, எல்லாம் அதே.

ஊரில் குண்டு என்றால் வானத்தில் சத்தம் வரும், குழிக்குள் ஓடலாம், ஓடியவன் பிழைக்கலாம். இது என் மூக்குக்கு முன்னால், ஒரு வயதான மனுஷியின் பாவாடை மடிப்பில் கிடந்தது. அதன் மேல் என் மூச்சுப் பட்டுக்கொண்டிருந்தது. எழுந்து ஓடவேண்டும் என்ற ஒன்றைத் தவிர மண்டைக்குள் எதுவுமில்லை. ஆனால் கத்தக்கூடாது என்பது மட்டும் எப்படியோ ஞாபகம் வந்தது. கோப்பில் இருந்த அந்தச் சிப்பாயின் கையை நழுவவைத்தது ஒருவன் போட்ட சத்தம்தான். இந்த அம்மாவின் விரல்களில் மூட்டுவாதம் வேறு.

மெல்ல எழுந்தேன். ஃபிராவ் ஹாஸ்லரைப் பார்த்துப் புன்னகைத்தபடியே தமிழில் பேசினேன்.

"தங்கச்சி, நான் சொல்லுறதைக் கேட்டு முகத்தை மாத்தாதேங்கோ. சிரிச்சபடி நில்லுங்கோ."

"என்னண்ணை?"

"அவவின்ரை மடியில கிடக்கிறது குமிழ் இல்லை. கைக்குண்டு."

ரஞ்சினி சிரித்தபடியே நின்றார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் கனவில் காண்கிறேன்.

"நான் அதை உரஞ்சினனான்," என்றார்.

"ஓம்."

"கம்பிப் பிரஷாலை."

"ஓம் தங்கச்சி."

"கிழமைக்குக் கிழமை தூசி துடைச்சனான் அண்ணை. ஒருக்கா கைதவறி விழுத்தியும் போட்டன். ஊரில நான் கண்ட சாமான் ஒண்டும் இப்பிடி இல்லையே!" குரல் இறங்கியது. "செத்த குண்டோ?"

"தெரியாது. தெரியாதெண்டா உயிரோடை எண்டுதான் நினைக்கவேணும்."

"என்ன பேசுகிறீர்கள்?" என்று ஃபிராவ் ஹாஸ்லர் கேட்டார்.

"கேக் வெட்டட்டுமா என்று கேட்டேன்," என்றார் ரஞ்சினி ஜேர்மனில். எப்படித்தான் வாயில் வந்ததோ.

"இப்போது வேண்டாம். முதலில் அறிக்கை."

நான் மறுபடியும் தமிழுக்கு வந்தேன். "நீங்கள் மெல்லமா வெளிக்கிடுங்கோ. கீழை போய்ப் பொலிசுக்குப் போன் அடியுங்கோ. சுத்திவர இருக்கிற சனத்தையும் வெளிக்கிடச் சொல்லுங்கோ. திரும்பி வராதேங்கோ. பிள்ளையள் இருக்கு உங்களுக்கு."

ரஞ்சினி அடுப்படிப் பக்கம் போனார். நான் வாசல் கதவு திறக்கும் சத்தத்துக்குக் காத்திருந்தேன். கேட்கவில்லை. தணிந்த குரலில் தொலைபேசியில் முகவரி சொல்லும் சத்தம்தான் கேட்டது. பிறகு அறை வாசலில் வந்து நின்றார், முகத்தில் ஒரு சொட்டு இரத்தமில்லை.

"போங்கோ எண்டெல்லோ சொன்னனான்."

"இவவை உங்களாலை தூக்க ஏலாது. பிடிக்கிற விதம் எனக்குத்தான் தெரியும்."

இனி நான் அந்த அம்மாவைச் சம்மதிக்க வைக்கவேண்டும். நிதானமான ஆள் மாதிரி நடித்தேன். "ஃபிராவ் ஹாஸ்லர், அதை மெதுவாக அந்த நூல் கூடைக்குள் வையுங்கள். நாங்கள் கீழே போய்ப் பேசலாம்."

"எதற்குக் கீழே? நான் இந்தப் படியில் இறங்கி எத்தனையோ காலம்."

"கீழே காற்றாட இருக்கும்."

இதைவிட முட்டாள்தனமாக யாராலும் சொல்லமுடியாது. அவருடைய கண் சுருங்கியது. இரண்டு கையாலும் உருண்டையை இறுக்கிக்கொண்டார். "கெட்ட செய்தி, அதுதானே? அதனால்தான் இழுக்கிறீர்கள். நீங்களும் 'பிறகு சொல்கிறோம்' என்கிற அதே ஆட்கள்தான். எனக்கு இப்போதே தெரியவேண்டும். இங்கேயே. இப்போதே." ஒவ்வொரு சொல்லுக்கும் உருண்டையால் கதிரைக் கையில் ஒரு தட்டு.

உங்களிடம் மறைப்பதற்கு என்ன, ஒரு பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. உங்கள் தாத்தா மாவீரர், எல்லாம் ஒரு தவறான புரிதல் என்று சொல்லலாம். சொன்னால் அந்த அம்மா சந்தோஷத்தில் குண்டைக் கட்டிப்பிடித்திருப்பார். உண்மையைச் சொன்னால் அது கையிலிருந்து நழுவலாம். பாய்ந்து பறிக்கவோ, எனக்கு அந்தத் தைரியம் இல்லை. செய்வதற்கு ஒன்றும் இல்லாமல்தான் மிச்சம் இருந்ததைச் சொன்னேன்.

"எனக்குப் பயமாக இருக்கிறது, ஃபிராவ் ஹாஸ்லர்."

"எதற்கு?"

"உங்கள் மடியில் இருப்பதற்கு. அது குமிழ் இல்லை என்று நினைக்கிறேன். கையை அசைக்காமல் கேளுங்கள். உங்கள் தாத்தாவைப் பற்றித் தெரிந்த எல்லாவற்றையும் இன்றைக்கே சொல்கிறேன், ஒன்றையும் ஒளிக்கமாட்டேன். ஆனால் அது அங்கே இருக்கும்வரை எனக்கு வாய் வராது. என் கையைப் பாருங்கள்."

உருப்பெருக்கி என் கையில் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது. நிறுத்த முயன்றேன், முடியவில்லை. அவர் என் கையைப் பார்த்தார். ரஞ்சினியைப் பார்த்தார். பிறகு மடியைப் பார்த்தார். முகத்தில் இருந்த கோபம் வடிந்து, அதன் இடத்தில் எங்கள் இருவருடைய முகத்தில் இருந்ததே வந்து உட்கார்ந்தது. தூங்கும் குழந்தையைப் பாயில் கிடத்துவதுபோல, இரண்டு கையாலும் அதைத் தூக்கி, நூலுக்குள் வைத்தார். கையை எடுத்த பிறகும் விரல்கள் அதே வடிவில் விறைத்து நின்றன.

நான் பெரிய நிபுணன் மாதிரி விளக்கியிருந்தால் அந்த அம்மா கடைசிவரை எதிர்த்து வாதாடியிருப்பார். பயந்தவனோடு யார் வாதாடுவது? வாடிக்கையாளருக்கு முன்னால் பயத்தைக் காட்டாதே என்று உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். தேவையான இடத்தில் காட்டுங்கள்.

ரஞ்சினி அவருடைய அக்குளுக்குள் கையைக் கொடுத்துத் தூக்க, நான் காலைப் பிடித்தேன். மூன்று மாடியும் இறங்கினோம். மேலே அந்தக் கூடை சரிந்தால், உருண்டை உருண்டு விழுந்தால் என்று காது முழுக்கப் பின்னால்தான் இருந்தது. யாரோ ஒரு கதவை அடித்துச் சாத்தினார்கள். மூன்று பேரும் படியிலேயே ஒடுங்கிப்போனோம். ஃபிராவ் ஹாஸ்லர் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஜெபம் சொல்லிக்கொண்டு வந்தார். ரஞ்சினியின் வாயில் முருகா முருகா. எனக்கு ஒரு தெய்வமும் ஞாபகம் வரவில்லை.

வாசலில் பொலிஸ் வந்திருந்தது. தெருவை மூடினார்கள், சனத்தை வெளியேற்றினார்கள். நடக்கமுடியாதவர்களுக்கு ஒரு பஸ்ஸைக் கொண்டுவந்து அடுத்த தெருவில் நிறுத்தினார்கள். அந்தப் பஸ்ஸுக்குள் நாங்கள் மூவரும் ஒரு பொலிஸ் போர்வையோடு உட்கார்ந்திருந்தோம். வெகுநேரம் கழித்துக் குண்டு அகற்றும் பிரிவு அதிகாரி ஒருவர் பஸ்ஸுக்குள் ஏறினார்.

"உள்ளே வெடிமருந்து அப்படியே இருக்கிறது," என்றார். "யார் அதைக் கம்பிப் பிரஷால் உரசியது?"

ரஞ்சினி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கையை உயர்த்தினார். அதிகாரி ஏசவில்லை. ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி இறங்கிப் போனார். அதைக் கண்ட பிறகுதான் ரஞ்சினிக்கு நடுக்கம் பிடித்தது. போர்வை முழுவதையும் அவருக்குக் கொடுத்தோம். அடுத்த நாளே எங்கள் அலுவலகத்தில் அந்தத் துடைத்து வைக்கும் வழக்கத்தை நிறுத்தினோம். இப்போது வாடிக்கையாளருக்கு நாங்கள் அனுப்பும் குறிப்பின் முதல் வரி, எதையும் தொடாதீர்கள், தூரத்திலிருந்து படம் எடுத்து அனுப்புங்கள் என்பது. அந்த வரி எங்கிருந்து வந்தது என்று இனி உங்களுக்குத் தெரியும்.

"சொல்லுங்கள்," என்றார் ஃபிராவ் ஹாஸ்லர்.

சொன்னேன். பயிற்சி, சார்ஜன்ட் போட்ட சத்தம், காலடியில் விழுந்த குண்டு, தாத்தா பள்ளத்துக்குள் பாய்ந்தது, இரண்டு பேர் செத்தது, கௌரவ மன்றம் எழுதிய கோழைத்தனம் என்ற சொல், எல்லாம். அந்தச் சொல்லைக் காலையில் அலுவலகத்தில் அறிக்கையில் படித்தபோது அது சரியான சொல்லாகத்தான் தெரிந்தது. இப்போது அதை உச்சரிக்க வாய் கூசியது. அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார். அழுகிறார் என்று நினைத்தேன். அழவில்லை. திரும்பி ரஞ்சினியைப் பார்த்தார்.

"உனக்கு அது என்னவென்று தெரியும். அடுப்படியிலிருந்து அப்படியே வெளியே போயிருக்கலாம். உனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஏன் ஓடவில்லை?"

ரஞ்சினி போர்வைக்குள்ளிருந்து யோசித்தார். பிறகு தன் ஜேர்மனில், ஒவ்வொரு சொல்லாகத் தேடிச் சொன்னார். "ஓடத்தான் நினைத்தேன். கதவு வரைக்கும் போகவேண்டும் என்று நினைத்தேன். கால் வரவில்லை. வந்திருந்தால் ஓடியிருப்பேன்."

என் பக்கம் திரும்பித் தமிழில், "உண்மையாத்தான் அண்ணை. தூக்கிற விதம் அது இதெண்டு சொன்னதெல்லாம் பிறகு வந்தது," என்றார்.

ஃபிராவ் ஹாஸ்லர் அவருடைய கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். வெளியே பொலிஸ்காரர்கள் தெருவைத் திறந்துவிட, சனங்கள் வீடுகளுக்குப் போகத் தொடங்கினார்கள்.

"அப்படியென்றால் தாத்தாவுக்குக் கால் வந்துவிட்டது," என்றார். "அந்த இரண்டு பேருக்கும் வரவில்லை."

நான் தலையாட்டினேன்.

"அவர்களுடைய பெயர் என்ன?"

கோட்டுப் பையிலிருந்து அறிக்கையை எடுத்தேன். தாத்தா எந்தத் தேதியில் எந்தப் பதவிக்கு உயர்ந்தார், எந்தப் பதக்கம் பெற்றார், அவருடைய சப்பாத்து என்ன அளவு என்பது வரைக்கும் அதில் இருந்தது. நாங்கள் அதிகாரிகளைத் தேடுகிறவர்கள். அந்த இருவரும் கோப்பிலும் அறிக்கையிலும் 'பயிற்சிச் சிப்பாய்கள் இருவர்' என்றுதான் இருந்தார்கள்.

"தெரியாது," என்றேன்.

"தேடுங்கள்," என்றார் ஃபிராவ் ஹாஸ்லர். "அதுவரை நான் இருப்பேன்."